அயோடின் சேர்த்தால் மின்கடத்தல் கூடுமா, குறையுமா?

பொட்டாசியம் அயோடைடை நீரில் கரைத்து அதில் அயோடின் சேர்த்தால் மின்கடத்துதிறன் குறையும். அதே இரண்டையும் பாலிஎதிலீன் ஆக்சைடு என்ற பாலிமர் படலத்தில் சேர்த்தால் பெரும்பாலும் கூடும்.

அயோடின் மூலக்கூறுக்கு மின்னூட்டம் கிடையாது. அதனால் அது தானாக மின்னோட்டத்தைச் சுமப்பதில்லை. அயோடைடு அயனியோடு ஒட்டி, மூன்று அணு கொண்ட ட்ரைஅயோடைடு அயனியாகிறது. அந்தப் புதிய அயனி எந்த ஊடகத்தில் நகர்கிறது என்பதுதான் விடையைத் தீர்மானிக்கிறது.

நீரில் சோதிப்பது எளிது. 1.66 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் வெறும் 5 மி.லி. நீரில் கரைத்து, 1.27 கிராம் அயோடினைப் போட்டுக் கலக்கி, முழுதும் கரைந்த பிறகே 100 மி.லி. ஆக்க வேண்டும். தொடக்கத்திலேயே 100 மி.லி. ஊற்றிவிட்டால் அயோடின் அடியில் கிடந்து வெகுநேரம் கரையாது. வெறும் நீரில் அது லிட்டருக்கு 0.3 கிராம் அளவே கரையக்கூடியது. இந்தக் கரைசலில் ஏறக்குறைய பாதி அயோடைடு ட்ரைஅயோடைடாக மாறியிருக்கும். 25 டிகிரியில் அயோடைடின் மோலார் கடத்துதிறன், அதாவது ஒரு மோல் அயனி கடத்தும் அளவு, சுமார் 77 (மோலுக்குச் சீமென்ஸ் சதுர சென்டிமீட்டர்). பருத்த ட்ரைஅயோடைடுக்கோ சுமார் 41. மின்னூட்டங்களின் எண்ணிக்கை மாறவில்லை, வேகம்தான் குறைந்தது. நீர்த்த கரைசலுக்கான இம்மதிப்புகளை வைத்துக் கணக்கிட்டால் மொத்தக் கடத்துதிறன் 12 சதவீதம் போலக் குறைய வேண்டும்.

பாலிமரில் கதை வேறு. அங்கே பொட்டாசியமும் அயோடைடும் இணை சேர்ந்து முடங்கிக்கொள்கின்றன. பாலிமரின் படிகப் பகுதிகளோ அயனிகளுக்கு வழிவிடுவதில்லை. ட்ரைஅயோடைடில் மின்னூட்டம் மூன்று அணுக்களில் பரவியிருப்பதால் பொட்டாசியம் அதை இறுகப் பிடிப்பதில்லை, படிகமாதலும் குறைகிறது. செறிவு அதிகமானால் இன்னொரு வழியும் திறக்கிறது. ஓர் அயோடைடு ட்ரைஅயோடைடின் ஒரு முனையில் வந்து ஒட்ட, மறுமுனையில் இருந்த அயோடைடு கழன்று போகிறது. எந்த அயனியும் முழுத் தூரம் நடக்காமலே மின்னூட்டம் முன்னேறிவிடுகிறது. அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பாகுத்தன்மை கொண்ட, அயனிகளாலேயே ஆன இமிடசோலியம் அயோடைடு திரவங்களிலும் இந்தக் கைமாற்றம்தான் கைகொடுக்கிறது.

1991இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ஓரீகன், கிரேட்சல் என்ற ஆய்வாளர்கள் அறிவித்த சாயமேற்றிய சூரிய மின்கலத்துக்கு இது உயிர்நாடியான விஷயம்: அதில் மின்வாய்களுக்கிடையே மின்னூட்டத்தைக் கொண்டுசெல்வது அயோடைடும் ட்ரைஅயோடைடும்தான். அசிட்டோநைட்ரைலில் 0.05 மோலார் அயோடினே போதும். பாகான ஊடகத்தில் ட்ரைஅயோடைடு எதிர்மின்வாயை எட்டும் வேகமே ஒளிமின்னோட்டத்துக்கு உச்சவரம்பு போட்டுவிடும் என்பதால் 0.2 மோலாரோ அதற்கு மேலோ தேவைப்படும். ஆனால் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது: மிகுந்த ட்ரைஅயோடைடு நீல ஒளியை விழுங்கும், சாயம் ஏறிய டைட்டானியம் டைஆக்சைடு மின்வாயில் சேர்ந்த எலக்ட்ரான்களையும் பறித்து மின்னழுத்தத்தைக் குறைக்கும்.

படலம் செய்ய 1 கிராம் பாலிஎதிலீன் ஆக்சைடு, 0.19 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 0.029 கிராம் அயோடின் நல்ல தொடக்கம். இதில் 20 ஆக்சிஜனுக்கு ஒரு பொட்டாசியம், 10 அயோடைடுக்கு ஓர் அயோடின் மூலக்கூறு. அசிட்டோநைட்ரைலில் மூடிய குடுவையில், ஆவியை வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் (fume hood) வைத்து, இரவு முழுதும் கலக்கி வார்க்கலாம். உலர்த்தும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெற்றிட அடுப்பில் சூடேற்றினால் கரைப்பானோடு அயோடினும் ஆவியாகிப் போய்விடும். பழுப்பு நிறம் வெளிறினால் எடையிட்ட விகிதம் இனி செல்லாது. அறை வெப்பநிலையில் உலர்ந்த நைட்ரஜன் ஓட்டத்தில் மெல்ல உலர்த்துவதே சரி.

அளக்கும்போது செம்பு, வெள்ளி மின்வாய்கள் ஆகாது, அயோடின் அரித்துவிடும். பிளாட்டினம் பூசிய கண்ணாடி பொருத்தம். சாதாரண மல்டிமீட்டரின் நேர்மின்னோட்ட அளவீட்டில் மின்வாய் வினையின் தடையும் கலந்து வரும். மாறுமின்னோட்ட மின்மறுப்பு (impedance) அளவீட்டில் உயர் அதிர்வெண் பக்கத் தடையை எடுக்க வேண்டும். 100 மைக்ரோமீட்டர் தடிப்பும் 1 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட படலம் 1000 ஓம் காட்டினால் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.00001 சீமென்ஸ். வெப்பநிலையையும் கூடவே குறித்துவைக்க வேண்டும். சுமார் 65 டிகிரியில் பாலிமரின் படிகங்கள் உருகி, அயோடின் விகிதம் மாறாமலே எண் பல மடங்கு ஏறிவிடும்.