ஸ்காட்லாந்தில் தண்ணீர்க் கட்டணம்: கவுன்சில் வரி தள்ளுபடியானாலும் இது தொடரும்

கிளாஸ்கோ, எடின்பரோ பக்கம் புதிதாகக் குடியேறுபவர்களுக்குத் தண்ணீருக்கென்று தனி பில் வராது. கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சி மன்றம் வீட்டுக்குப் போடும் வரி; அந்த நோட்டீஸிலேயே குடிநீருக்கு ஒரு தொகை, கழிவுநீருக்கு ஒரு தொகை என்று போட்டிருக்கும். வசூலிப்பது உள்ளூர் கவுன்சில்; பணம் போய்ச் சேருவது ஸ்காட்டிஷ் வாட்டர் என்ற அரசு நிறுவனத்துக்கு. இங்கிலாந்தில் 1989-இல் தண்ணீரைத் தனியாருக்கு விற்றார்கள். இங்கே அது நடக்கவில்லை. 1994-இல் கிளாஸ்கோவை உள்ளடக்கிய ஸ்ட்ராத்கிளைட் வட்டாரத்தில் நடந்த தபால் வாக்கெடுப்பில் 97% பேர் தனியார்மயம் வேண்டாம் என்றார்கள்.

பெரும்பாலான வீடுகளில் மீட்டர் கிடையாது. எவ்வளவு தண்ணீர் புழங்கினாலும், வீடு எந்த வரிப் பிரிவில் இருக்கிறதோ அதை வைத்துத்தான் கட்டணம். ஏ முதல் எச் வரை எட்டுப் பிரிவுகள். ஏ பிரிவு வீட்டுக்கு டி பிரிவின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எச் பிரிவுக்கு இரு மடங்கு. இந்தப் பிரிவுகளோ 1991 ஏப்ரல் மாத வீட்டு விலையை வைத்துப் போட்டவை! 'கட்டும் சக்திக்கு ஏற்ற கட்டணம்' என்பது அரசின் கொள்கைதான். ஆனால் பழைய பெரிய வீட்டில் பென்ஷனை நம்பித் தனியாக இருக்கும் பாட்டி கூடுதலாகவும், சின்ன ஃபிளாட்டில் இருக்கும் நல்ல சம்பளக்காரர் குறைவாகவும் கட்டுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அதைச் சரிக்கட்டத்தான் சலுகைகள். பலர் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். வருமானம் குறைவு என்று கவுன்சில் வரி முழுதும் தள்ளுபடியானாலும், தண்ணீர்க் கட்டணத்தில் அதிகபட்சம் 35% தான் குறையும். 2021 ஏப்ரலுக்கு முன்பு இது 25% ஆக இருந்தது. மீதி 65 சதவீதத்தைக் கட்டியே ஆகவேண்டும். 'வரிதான் இல்லையே' என்று நோட்டீஸை மடித்து வைத்துவிட்டால் பாக்கி ஏறும். பாக்கியை வசூலிக்கக் கவுன்சில் கோர்ட்டில் வாரன்ட் (வசூல் உத்தரவு) வாங்கினால் அதன்மேல் 10% சேரும். வீட்டுக் குழாயை அடைக்க மாட்டார்கள். ஆனால் சம்பளத்திலோ பாங்க் கணக்கிலோ பிடிக்க வழி உண்டு.

தனியாக இருப்பவருக்கு 25% கழிவு உண்டு. அவர் வருமானமும் குறைவு என்றால் மேலும் 10% வரைதான் கிடைக்கும். மொத்தம் 35 சதவீதத்தைத் தாண்டாது. எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருக்கும் வீட்டுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் கவுன்சிலுக்குச் சான்று கொடுத்துப் பதிய வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள் கவனிக்கவும். விசாவில் 'அரசு உதவி பெறக் கூடாது' என்ற நிபந்தனை இருந்தால், வருமானத்தைப் பார்த்துத் தரும் கவுன்சில் வரிக் குறைப்புக்கு விண்ணப்பிக்கக் கூடாது. தனிநபர் கழிவு அந்தக் கணக்கில் வராது, தாராளமாகக் கேட்கலாம்.

சரி, கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள்? உச்சவரம்பை வைப்பது தண்ணீர்த் துறை ஆணையம். 2011-இல் வாடிக்கையாளர் மன்றம் ஒன்றை அமைத்து, 2015 முதல் 2021 வரையிலான கட்டணத்தை ஸ்காட்டிஷ் வாட்டருடன் நேரடியாகப் பேரம் பேசவிட்டார்கள். உருப்படியான ஏற்பாடு என்பது என் எண்ணம். கருத்துக் கேட்டுவிட்டுக் கோப்பில் போடுவதைவிட எவ்வளவோ மேல். இப்போது மக்கள் சார்பில் பேசுவது கன்ஸ்யூமர் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு. கட்டணம் 2024-இல் 8.8%, 2025-இல் 9.9% என்று ஏறியிருக்கும் நிலையில் அதற்கு வேலை அதிகம்.

தனிப்பட்ட புகார்களை அந்த அமைப்பு எடுப்பதில்லை. பில் தொகை, சலுகை பற்றிய புகார் என்றால் கவுன்சிலிடம் போக வேண்டும். குழாய், கழிவுநீர்ப் பிரச்சினை என்றால் ஸ்காட்டிஷ் வாட்டரிடம். அவர்களுடைய இறுதிப் பதில் திருப்தி தரவில்லையென்றால் பொதுச் சேவை ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் இலவசமாக முறையிடலாம். பிரச்சினை தெரியவந்து பொதுவாக 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும்.