முள் ஆடத் தொடங்கும்போதே வண்டியைக் கொண்டு வாருங்கள்

வேகமானியின் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்ட பிறகும் மாதக்கணக்கில் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "வேகம்தான் கைபேசியிலேயே தெரிகிறதே, முள் எதற்கு?" என்று பட்டறைக்கு வந்து கேட்பவர்களும் உண்டு. கார்புரேட்டர் வைத்த மாருதி 800 ஓடிய காலத்தில் இந்தக் கேள்வியில் ஓரளவு நியாயம் இருந்தது. கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் இருக்கும் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தன்னை ஒட்டியிருக்கும் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள்வில் அந்த இழுப்பைத் தடுத்து நிறுத்தும் இடத்தில் முள் நிற்கும். கேபிள் அறுந்தால் முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் நின்றுபோகும், அவ்வளவுதான். வண்டி தன் பாட்டுக்கு ஓடும்.

இன்றைய காரில் வேகம் என்ற அந்த ஒரே எண்ணை நம்பிப் பல பாகங்கள் வேலை செய்கின்றன. எஞ்ஜின் கம்ப்யூட்டர் அதைப் பார்க்கிறது. மின்சார ஸ்டியரிங் எவ்வளவு உதவ வேண்டும் என்பதை அதைக் கொண்டே முடிவு செய்கிறது. ஆட்டோமேட்டிக் கியர், தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு ஆகியவையும் அப்படித்தான். 2019 ஜூலை முதல் கட்டாயமான வேக எச்சரிக்கை ஒலி 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் விடாமலும் கத்துவதற்கும் இந்த எண் வேண்டும். ஆகவே முள் செத்த வண்டியை ஓட்டிவருபவர் சொல்லும் குறைகள் பெரும்பாலும் முள்ளைப் பற்றியவையாக இருப்பதில்லை. சிக்னலில் நிற்கப்போகும்போது எஞ்ஜின் அணைந்துவிடுகிறது என்பார். ஸ்டியரிங் கனக்கிறது, கியர் உதைத்துக்கொண்டு மாறுகிறது என்பார். மீட்டரைப் பற்றிக் கேட்டால், "அது ரொம்ப நாளாகவே அப்படித்தான்" என்று பதில் வரும்.

வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினால் பி0500 என்ற குறியீடு வரலாம். உடனே வேகத்தை அளக்கும் சென்சாரை மாற்றிவிடும் அவசரம் எங்கள் தொழிலில் பரவலாக இருக்கிறது. அந்தக் குறியீடு சொல்வது, வேகத்தின் சிக்னல் சரியாக வந்து சேரவில்லை என்பதை மட்டும்தான். சென்சார் கெட்டிருக்கலாம். ஒயரை எலி கடித்திருக்கலாம். மழைநீர் புகுந்து, ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் பச்சை பூத்திருக்கலாம். எர்த் விட்டுப்போயிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம்.

எனவே முதலில் செய்ய வேண்டியது ஒரு ஒப்பீடு. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரில் ஓடும் வேகத்தையும் மீட்டர் முள்ளையும் கைபேசி ஜிபிஎஸ் வேகத்தையும் பார்க்க வேண்டும். ஸ்கேனரும் ஜிபிஎஸ்ஸும் ஏறக்குறைய ஒத்துப்போய், முள் மட்டும் திணறினால் கோளாறு மீட்டருக்குள் இருக்கிறது: முள்ளைத் திருப்பும் சிறு மோட்டார், அல்லது விரிசல் விட்ட பற்றாசு. ஸ்கேனரிலும் வேகம் வராவிட்டால்தான் சென்சாரையும் ஒயரிங்கையும் தேடிக் கீழே இறங்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமலே பாகத்தின் விலையைச் சொல்லும் மெக்கானிக்கிடம் காரணம் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உள்ள பல கார்களில் கியர்பாக்ஸில் தனிச் சென்சாரே கிடையாது. நான்கு சக்கரங்களிலும் உள்ள சென்சார்களிலிருந்து ஏபிஎஸ் கம்ப்யூட்டர் வேகத்தைக் கணக்கிட்டு மீட்டருக்கு அனுப்புகிறது. இங்கேதான் என்னைக் கோபப்படுத்தும் ஒரு தவறு நடக்கிறது. பல வீல் பேரிங்குகளின் ஒரு பக்கத்தில், சாதாரண ரப்பர் சீல் போலவே தோன்றும் காந்த வளையம் இருக்கும். சென்சார் படிப்பது அதைத்தான். பேரிங்கைத் திருப்பிப் போட்டு அழுத்திவிட்டால் சக்கரம் அழகாகச் சுற்றும், சத்தமும் வராது. ஆனால் அந்தச் சக்கரத்தின் வேகம் மட்டும் வராது. ஏபிஎஸ் விளக்கு எரியும், சில வண்டிகளில் முள்ளும் படுத்துவிடும். பேரிங் மாற்றிய மறுநாள் விளக்கு எரிந்தால், புதுச் சென்சார் வாங்குவதற்கு முன்பு பேரிங் போட்ட இடத்திற்கே திரும்பிப் போங்கள்.

காந்த வளையத்துக்குப் பதிலாக, சென்சார் படிப்பதற்கு இரும்புப் பல்வளையம் உள்ள வண்டிகளில் துருப்பிடித்து வளையம் வெடிப்பதும் உண்டு. அப்போது வண்டி நிற்கப்போகும் கடைசி சில அடிகளில் பிரேக் பெடல் காலுக்கடியில் அதிரும். சக்கரம் வழுக்குகிறது என்று ஏபிஎஸ் தவறாக நினைத்துக்கொள்வதால் வரும் அதிர்வு அது. உரிமையாளர் பிரேக் பேட் மாற்றுவார், டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைவார். அதிர்வு மட்டும் போகாது. ஏபிஎஸ் விளக்கு எரியும்போது சாதாரண பிரேக் வழக்கம்போல் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். அதுவரை எதுவும் தெரியாது என்பதால்தான் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள்.

முள் கொஞ்சம் அதிகமாகக் காட்டுவது கோளாறு இல்லை. வேகமானிக்கான ஐ.நா. விதி 39இன்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கூட்டிக் காட்டலாம். உண்மையான 100க்கு 114 வரை காட்ட அந்த விதி இடம் தருகிறது. குறைத்துக் காட்டுகிறது என்றால் முதலில் டயரைப் பாருங்கள். 175/65 ஆர்14 டயருக்கு ஏற்ற காரில் 185/65 ஆர்15 மாட்டினால் சக்கரத்தின் விட்டம் ஏறக்குறைய 583 மில்லிமீட்டரிலிருந்து 621 ஆகிறது. முன்பு 80இல் போகும்போது 80 என்றே காட்டிய மீட்டர், இப்போது 85இல் போனாலும் 80 என்றுதான் காட்டும். அதே 185/65 ஆர்15 டயரை 165/80 ஆர்14க்குப் பதிலாகப் போட்டால் பெரிய வித்தியாசம் வராது, இரண்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டயர் கடையில் அழகைப் பேசும் நேரத்தில் இந்தக் கணக்கையும் போடச் சொல்லுங்கள்.

கிலோமீட்டர் எண்ணும் இதே சிக்னலில்தான் ஓடுகிறது. முள் செத்திருந்த மாதங்களில் ஆயில் மாற்றும் கணக்கு மீட்டரில் ஏறியிருக்காது. தேதியைப் பார்த்து மாற்றிவிடுங்கள். மீட்டரையே மாற்ற வேண்டி வந்தால், பழையதில் இருந்த கிலோமீட்டரையும் புதியதில் இருப்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். பின்னாளில் வண்டியை விற்கும்போது, கிலோமீட்டரைக் குறைத்துவிட்டீர்கள் என்று ஒருவர் சொன்னால், காட்டுவதற்கு அந்தக் காகிதம் இருக்கும்.