ஹைட்ராஞ்சியாவும் வாசலில் தொங்கும் படிகாரமும்

மே மாதம் ஊட்டி மலர் கண்காட்சிக்குப் போய்வந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஹைட்ராஞ்சியா ஒரு தொட்டியில் நீலம், பக்கத்துத் தொட்டியில் ரோஸ். இரண்டும் ஒரே ரகம்தானாம். சாயத் தண்ணீர் ஊற்றுகிறார்களா?"

சாயம் இல்லை. ஆனால் தண்ணீரோடு ஏதோ ஏறுகிறது என்று நினைத்தீர்களே, அது சரி.

மண்ணில் அமிலத்தன்மை இருந்தால் ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூக்கும், காரமாக இருந்தால் ரோஸ். பள்ளியில் படித்ததற்கு நேர் எதிர், கவனித்தீர்களா? லிட்மஸ் அமிலத்தில்தானே சிவக்கும்! பூவின் செல்லுக்குள் இருக்கும் சாறு நீலப் பூவிலும் அமிலம்தான், ரோஸ் பூவிலும் அமிலம்தான். நிறமியும் ஒன்றே: பூக்களுக்குச் சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின் குடும்பத்து டெல்பினிடின். வித்தியாசம் அலுமினியத்தில் இருக்கிறது.

அலுமினியம் இல்லாத மண் கிடையாது. சாதாரணமாக அது களிமண்ணோடு கரையாமல் கிடக்கும். மண்ணின் பி.எச். (அமிலம் கூடக் கூடக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கினால் கரைந்து வேருக்கு வந்துவிடும். பெரும்பாலான செடிகளுக்கு அது விஷம், வேர்நுனி வளர்ச்சியே நின்றுபோகும். ஹைட்ராஞ்சியாவோ அதைச் சிட்ரிக் அமிலத்தோடு கட்டி, சாதுவாக்கி வைத்துக்கொள்கிறது. நீலகிரியில் மழை சுண்ணாம்புச் சத்தை அரித்துக்கொண்டு போவதால் மண் அமிலமாகவே இருக்கிறது. அங்கே செழிக்கும் தேயிலையும் அலுமினியத்துக்கு அஞ்சாத செடிதான்.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். டெல்பினிடின் மூலக்கூறின் ஓர் ஓரத்தில் ஆக்சிஜன்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அலுமினிய அயனி வந்ததும் அவை நண்டுக் கொடுக்குபோல அதைக் கவ்விக்கொள்கின்றன. பிடி நிலைக்க மூன்றாவதாக ஓர் ஆள் வேண்டும். காபிக்கொட்டையில் உள்ள குளோரோஜெனிக் அமிலத்தின் நெருங்கிய சொந்தம் ஒன்று மறுபக்கம் வந்து பிடிக்கிறது. அதற்கென்று நிறம் கிடையாது. அலுமினியம் சேராத நிறமி பச்சை ஒளியை விழுங்குகிறது, நமக்கு ரோஸ் தெரிகிறது. மூன்றும் சேர்ந்துவிட்டால் மஞ்சள், ஆரஞ்சு ஒளியை விழுங்கத் தொடங்குகிறது, மிஞ்சுவது நீலம். ஜப்பானிய வேதியியலாளர்கள் பல வருடம் உட்கார்ந்து இதைப் பிரித்துப் பார்த்தார்கள். "பூ ஏன் நீலம்னு பார்க்கவா பணம்?" என்று கேட்காமல் அவர்களுக்கு நிதி கொடுத்தவர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

(இதழ் என்று நாம் ரசிப்பது உண்மையில் புல்லி இதழ். நிஜப் பூ நடுவில் பொட்டுபோல இருக்கும்.)

வீட்டில் ரோஸ் செடி இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். திருஷ்டிக்கு வாசலில் கட்டுகிறோமே படிகாரம், அது அலுமினிய உப்புதான். மொட்டு விடுவதற்குப் பல வாரம் முன்பிருந்தே, கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்து ஊற்றி வாருங்கள். அதிகமானால் வேர் கருகும். வாசலில் தொங்கிக்கொண்டு அது எந்தக் கண்ணையும் தடுத்ததாக எனக்குத் தெரியாது, தொட்டியில் போட்டால் வேலை செய்யும். உப்புச்சுவை ஏறிய போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, போட்ட படிகாரத்தை வீணாக்கிவிடும். சிமெண்ட் சுவரை ஒட்டி வைத்த செடி ரோஸ் பக்கம் சாய்வதும் இதே சுண்ணாம்பால்தான்.

வெள்ளை ரகத்துக்குப் படிகாரம் ஊற்றிப் பயனில்லை. கவ்விப்பிடிக்க அதில் நிறமியே கிடையாது.