செடிக்குத் தாகமில்லை, மூச்சு முட்டுகிறது

போன வாரம் ஒருவர் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். தக்காளிச் செடி. இலைகள் வெளிறித் தொங்கின. "மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன், அப்படியும் வாடுகிறது" என்றார். தண்டின் அடியைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிக் குழைந்திருந்தது. விரலால் உருவியதும் மேல்தோல் கழன்று, நடுவில் நூல்போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சியது. சாக்கடை வாடை வேறு. "எனக்குக் கைராசி இல்லை, இனி இந்த வேலையே வேண்டாம்" என்று எழுந்துவிட்டார்.

இந்த மாதத்தில் இப்படி என்னிடம் வந்த ஏழாவது செடி இது. தோட்டக்கலை ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. கைராசி என்று ஒன்று கிடையாது என்பதை எத்தனை முறை சொல்வது?

வாடிய செடியைக் கண்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மண் காய்ந்து வாடினால் அது சரி. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் அதற்குத் தாகம் காரணமல்ல. வேருக்கும் காற்று வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியெல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு செடி வாடுகிறது. அதைப் பார்த்து இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறார்கள். நோய்க்குக் காரணமானதையே மருந்தாகக் கொடுக்கிறார்கள்! ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் குவளையைக் கீழே வைத்துவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊற்றுங்கள். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். துளையே இல்லாத அழகுத் தொட்டியில் எதையும் நடாதீர்கள். அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்பதும் தவறு. கல்லுக்கு மேலே உள்ள மண்ணிலேயே நீர் தேங்கி நிற்கும், வேருக்கான இடம்தான் குறையும்.

அடுத்த வருத்தம், தொடங்கும்போதே தக்காளியில் தொடங்குவது. அதற்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், ஆழமான தொட்டி வேண்டும், கொம்பு நட்டுக் கட்ட வேண்டும். ஒருநாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக விட்டால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும். காலிஃபிளவர் அதைவிட மோசம். மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பூவைத் தரும். பழகிய பிறகு வளருங்கள், முதல் செடியாக வேண்டாம்.

இலையில் தொடங்குங்கள். பாதி வெயில், அதாவது நான்கு மணி நேரம் கிடைத்தாலே பெரும்பாலான கீரைகளும் மூலிகைகளும் தழைக்கும். தண்டுக்கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் முதல் அறுவடை. பிடுங்காமல், மண்ணிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும். புதினாவுக்கு விதையே வேண்டாம். சமையலுக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டாக நான்கை எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டுத் தண்ணீரில் நிறுத்துங்கள். பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் விடும். அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள், பக்கத்துச் செடியை நெருக்கிவிடும். வெங்காயத்தாளின் வேர்ப்பகுதியை இரண்டு அங்குலத்தில் வெட்டி நட்டால் ஒரே வாரத்தில் பச்சை நீளும்.

கொத்தமல்லி முளைக்கவில்லை என்று புலம்பாதவர் இல்லை. நாம் விதை என்று நினைக்கும் உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாக உடையுங்கள், பொடியாக்கிவிட வேண்டாம். ஓர் இரவு ஊறவைத்து, இருக்கப்போகும் தொட்டியிலேயே நேராக விதையுங்கள். ஆணிவேர் உள்ள செடி, இடம் மாற்றினால் சுணங்கும். முளைக்க ஒன்று இரண்டு வாரங்கள் ஆகும், அதுவரை மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். கடும் வெயில் காலத்தில் சீக்கிரமே பூத்துவிடும் என்பதால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக விதைப்பது நல்லது.

நல்ல வெயில் இருக்கிறதா? மிளகாயும் வெண்டையும் வையுங்கள். உறைபனி படாத இடத்தில் மிளகாய் ஒரு வருடத்துக்கு மேலும் காய்க்கும். வெண்டை விதைத்து ஐம்பது நாளில் காய்க்கத் தொடங்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை பறியுங்கள், விட்டால் நாராகிவிடும், செடியும் காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும்.

பறிக்கத் தயங்குகிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு மனம் கேட்பதில்லை. துளசி, புதினா போன்றவற்றில் நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே கிள்ளினால் ஒரு கிளை இரண்டாகும். கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து பூத்து, இலை சிறுத்துப் போகும். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், அது போதும்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். இலைச் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினியைக் கண்டதும் வீட்டில் கரப்பானுக்கு வைத்திருக்கும் மருந்தைக் கீரைமேல் அடிக்காதீர்கள். நாளைக்கே அந்த இலையைத்தான் உண்ணப்போகிறீர்கள். முதலில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், பாதிக்கு மேல் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். உணவுப் பயிருக்கென விற்கும் மருந்தானாலும், தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று புட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு மூடியைத் திறங்கள். எப்போது தெளித்தோம் என்று நினைவில்லாவிட்டால் அந்தக் கீரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக விதையுங்கள். ஒரு மாதத்தில் அடுத்தது வந்துவிடும்.