வாசோபிரஸ்ஸர்: ‘இரத்த அழுத்த மருந்து’ இல்லை

ஐ.சி.யூ. வாசலில் நீட்டுகிற ஒப்புதல் படிவங்களில் ‘நோயாளிக்கு இரத்த அழுத்த மருந்து செலுத்தப்படும்’ என்று எழுதுகிறார்கள். “அப்பாவோட பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டோம்னு காலையிலதான் சொன்னீங்க, இப்போ பிரஷர் மருந்து ஏறுதுங்கிறீங்களே?” என்று மகன் கேட்டால் அதில் என்ன தப்பு? தொற்று முற்றி இரத்த அழுத்தம் சரிந்துவிடும் செப்டிக் ஷாக்கில், வழக்கமாகச் சாப்பிடும் அம்லோடிபின் வகையறாவை நிறுத்திவைப்பார்கள்; நார்அட்ரினலினைத் தொடங்குவார்கள். முன்னது அழுத்தத்தை இறக்கும், பின்னது ஏற்றும். இரண்டுக்கும் ஒரே பெயராம்!

நார்அட்ரினலின் போல அழுத்தத்தை ஏற்றும் மருந்துக்கு ஆங்கிலத்தில் வாசோபிரஸ்ஸர் என்று பெயர். லத்தீனில் ‘வாஸ்’ என்றால் கலம், குழல். ‘பிரெமெரெ’ என்றால் அழுத்துதல். தொற்று முற்றி இரத்தக் குழல்கள் தளர்ந்துபோய், சலைன் ஏற்றியும் அழுத்தம் எழவில்லையென்றால், சராசரி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவுக்குக் கொண்டுவரத் தருவது இந்த வாசோபிரஸ்ஸர். மானிட்டரில் 90/50 என்று ஓடினால் சராசரி 63தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘குருதிநாள அழுத்தி’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேரைப் பிய்த்து, துண்டு துண்டாகப் பெயர்த்து ஒட்டிய சொல். குழலை யாரோ கட்டைவிரலால் அமுக்குவதுபோல் இருக்கிறது. அதோடு, பள்ளியில் ‘நாளமில்லாச் சுரப்பி’ என்று படித்தோமே, அங்கே நாளம் என்பது சுரப்புநீர் வெளியேறும் குழாய். நார்அட்ரினலின் போதாதபோது சேர்க்கும் வாசோபிரஸ்ஸின் என்ற ஹார்மோன், உடலில் பிட்யூட்டரி என்ற நாளமில்லாச் சுரப்பியிலிருந்து வெளியாவது. ‘நாளமில்லாச் சுரப்பி தரும் நாள அழுத்தி’ என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும்.

‘குழல்சுருக்கி’ பரவாயில்லை. அளவு கூடும்போது விரல்நுனி ஏன் கறுக்கிறது என்பதுகூட அதில் விளங்கிவிடும். ஆனால் மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்தும் குழல்சுருக்கிதானே.

என் கட்சி ‘அழுத்தமேற்றி’. பிரஷர் மாத்திரைக்கு ‘அழுத்தந்தணிப்பி’. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழப்பமே இல்லை. தூய்மைக்காகச் சொல்லவில்லை, நார்அட்ரினலின் நார்அட்ரினலினாகவே இருக்கட்டும். தெளிவு வேண்டும், அவ்வளவுதான். செப்டிக் ஷாக்கை ‘நச்சு அதிர்ச்சி’ என்று பெயர்த்து, யாரோ விஷம் வைத்துவிட்டார்களோ என்று வீட்டாரைப் பயமுறுத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால், அகராதியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அகராதியா கையெழுத்துப் போடப்போகிறது?

புதுச்சொல் பிடிக்காதவர்கள் படிவத்தில் ‘இறங்கிய அழுத்தத்தை ஏற்றும் மருந்து’ என்று எழுதட்டும். ஒரே ஒரு சொல்தான் கூடுகிறது.