5 ரூபாய்க் குற்றியும் கோடி ரூபாய்ப் படகும்

முல்லைத்தீவின் கள்ளப்பாடு கிராமத்துத் தம்பி ஒருவன் தன் 18 அடி பைபர் போட்டை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தான். பின்பலகையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

“அண்ணை, மேலால ஒரு கோட் அடிச்சு மினுக்கி விடுங்கோ. வெள்ளிக்கிழமைக்குத் தருவீங்கள்தானே?”

முதல்நாள் இரவு ரீவியில் உல்லாசப் படகு கட்டும் நிகழ்ச்சி ஒன்று பார்த்திருக்கிறான். ஒரு மணித்தியாலத்துக்குள் வெறும் அச்சு முழுப் படகாகி, பாரந்தூக்கியில் தொங்கி, தண்ணீரில் இறங்கி, போத்தலும் உடைத்தாகிவிட்டதாம். அதற்கே ஒரு மணித்தியாலம் என்றால் இந்த வெடிப்புக்கு மூன்று நாள் தாராளம் என்பது அவன் கணக்கு.

நான் 5 ரூபாய்க் குற்றி ஒன்றை எடுத்துப் பின்பலகையைத் தட்டினேன். ஓரங்களில் ‘டக் டக்’ என்று இறுக்கமான சத்தம். எஞ்சின் பூட்டுகிற நடுப்பகுதிக்கு வர ‘தொப் தொப்’ என்றது. அவனும் தட்டிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

பைபர் போட்டின் பின்பலகைக்குள்ளே பெரும்பாலும் பிளைவூட்தான் இருக்கும். இரண்டு பக்கமும் பைபர் போர்த்தியிருப்பார்கள். எஞ்சின் பூட்டத் துளைக்கிற ஓட்டைகளைச் சரியாக அடைக்காவிட்டால் அந்த வழியால் தண்ணீர் இறங்கும். உள்ளே பலகை ஊறிக்கொண்டிருக்கும், வெளியே வெள்ளை வெளேரென்று பளபளக்கும். 50 கிலோ அளவு வரும் 25 குதிரைவலு எஞ்சின் அதில்தான் தொங்குகிறது. வாடைக் கடலில் அது கழன்றால் என்ன நடக்கும் என்று கரையில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

என் அப்பப்பா மரவள்ளம் கட்டுகிற ஓடாவி. வேம்பும் இலுப்பையும் தேடி வன்னிக் காட்டோரமெல்லாம் அலைவார் என்று அப்பா சொல்வார். மரத்தைச் சுத்தியல் பிடியால் தட்டி, காதை வைத்துக் கேட்டுத்தான் எடுப்பாராம். வங்குச் சட்டங்கள் வைத்து, பலகை இணைத்து, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைத்துக் கலப்பத்துப் பார்க்கிறவரை யாரும் அவரை அவசரப்படுத்த முடியாது. எங்களுக்கு வடக்கே வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போய்ச் சேர்ந்தது. அதற்காக மரவள்ளம்தான் உசத்தி என்று நான் சொல்லவரவில்லை. மரமும் உக்கும், புழுவும் துளைக்கும். ஆனால் மரம் கறுக்கும், ஒழுகும், முன்பக்க அணியத்திலே மெத்தென்று அமுங்கும். பிழை வந்தால் தானே சொல்லிவிடும். பைபர் கடைசி நாள்வரை வாய் திறக்காது.

ரீவியும் அந்த மேற்தோலைத்தான் காட்டுகிறது. நானும் அந்த நிகழ்ச்சிகளை ஆசையாகப் பார்க்கிறவன்தான், அந்தக் கட்டுமிடங்களின் ஒழுங்கைப் பார்க்க எனக்குப் பொறாமையாகவே இருக்கும். ஆனால் மெத்தை ஆசனத்துக்கும் பளிங்குத் தரைக்கும் அரை மணித்தியாலம் ஒதுக்குகிறவர்கள், பைபர் போடுகிற வேலையை ஒரு பாட்டோடு ஓட்டிவிடுகிறார்கள். எங்களுக்கு வேலையே அதுதான். மெட் என்று நாங்கள் சொல்லும் கண்ணாடிநார் விரிப்பை வைத்து, ரெசின் என்ற பிசின் திரவத்தைப் பூசி, உருளையால் திரும்பத் திரும்ப உருட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழி உள்ளே தங்கினால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. சுனாமிக்குப் பிறகு அவசரம் அவசரமாகச் செய்துகொடுத்த படகுகளில் பல தரமில்லாதவை என்று ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பே எச்சரித்தது. அப்படியான சிலவற்றை நானே வெட்டித் திறந்திருக்கிறேன். உள்ளே ரெசின் படாத நார் வெள்ளையாக, காய்ந்தபடியே கிடந்தது.

இன்னொரு விசயம், பட்டறைகளில் நிற்கிற பொடியன்களுக்கு. ரீவியில் முகமூடி இல்லாமல் வேலை செய்கிறார்களே என்று கேட்கிறீர்கள். பெரிய இடங்கள் பலவற்றில் காய்ந்த நாரைப் பையால் மூடி, காற்றை இழுத்தெடுத்து, ரெசினை உள்ளே உறிஞ்ச விடுகிறார்கள். ஆவி பெரும்பாலும் பைக்குள்ளேயே அடங்கும். நாங்கள் செய்வது திறந்த வேலை. மூக்கில் ஏறுகிற அந்த மணம் ஸ்டைரீன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் அதிகமுள்ள பொருளாக 2018இல் வகைப்படுத்தியது. கொரோனாக் காலத்து நீல முகமூடி தூசியைக் கொஞ்சம் மறிக்கும், ஆவியை மறிக்காது. ஆவி வடிகட்டி பூட்டிய முகமூடிதான் வேண்டும், கொட்டிலின் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

ரெசினை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ஒரு துளி கண்ணில் பட்டாலே பார்வை போகலாம். பட்டால் உடனே 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இறுகலை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபோல்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் ஹார்ட்னர் போதும். நம்மூர் வெயிலுக்குக் குறைந்த பக்கமே நில்லுங்கள். கெதியாக இறுகட்டும் என்று கூட்டி ஊற்றினால் வாளியிலேயே சூடேறிப் புகையும். குறைத்தாலும் ஆபத்துத்தான். மேலே இறுகினதுபோல இருக்கும், உள்ளே பச்சையாகவே கிடக்கும்.

போட் வைத்திருக்கிறவர்கள் பின்பலகையைப் போலவே அடிப்பக்கத்தையும் பாருங்கள். உல்லாசப் படகு துறைமுகத்தில் மிதந்துகொண்டு நிற்கும். எங்களுடையதை ஒவ்வொரு நாளும் மணலில் இழுத்து ஏற்றுகிறோம். அடியில் மேற்பூச்சுத் தேய்ந்து நார் தெரிந்தால், அதை மூடுகிறவரை கடலுக்குப் போகவேண்டாம்.

தம்பியின் பின்பலகையை வெட்டித் திறந்தபோது பிளைவூட் ஈரத் தவிடுபோலக் கையோடு வந்தது. வெள்ளிக்கிழமை ஆசையோடு வந்தவனிடம் அதை ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கொடுத்தேன். போட்டைக் கொண்டுபோக இன்னும் பத்து நாள் பிடித்தது.