நாய்க்குட்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அது எங்க, எப்படி வளர்ந்துச்சுன்னு கேளுங்க

எனக்கு வர்ற மெசேஜ் முக்காவாசி ஒரே மாதிரிதான் இருக்கும். "குட்டி வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு, லிஃப்ட் கதவு திறந்தாலே நடுங்குது, மாமனார் வந்தா சோபாவுக்கு அடியில போயிடுது, ட்ரெய்னிங் குடுத்தா சரியாயிடுமா?" கொஞ்சம் சரியாகும். ஆனா நான் திருப்பிக் கேக்கிறது, உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி அது யார்கிட்ட இருந்துச்சு, அங்க என்னென்ன பாத்துச்சு, என்ன சத்தம் கேட்டுச்சுங்கறதுதான். அதுக்கு மட்டும் யார்கிட்டயும் பதில் இருக்காது.

சிங்கப்பூர்ல நாய் பயிற்சியோட ஃபாஸ்டர் வேலையும் (வீடு கிடைக்கிற வரைக்கும் குட்டிங்களை நம்ம வீட்டுல வளக்கிறது) சேத்துப் பாக்கிறவ நான், அதனால ரெண்டு பக்கமும் தெரியும். குட்டிக்குக் கண்ணு திறக்கவே ரெண்டு வாரம் பக்கம் ஆகும், காது கேக்க இன்னும் கொஞ்சம் நாள். அதுக்கப்புறம் 3வது வாரத்துலேருந்து 12, மிஞ்சிப்போனா 14வது வாரம் வரைக்கும்தான் புதுசா எதைப் பாத்தாலும் சரி இதுவும் இருக்கட்டும்னு ஏத்துக்கிற காலம், அதுலயும் 5 வாரம் தாண்டினாலே புதுசைக் கண்டு ஒதுங்குற குணம் மெதுவா தலைகாட்ட ஆரம்பிச்சிடும். 1961ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 14 வாரம் வரைக்கும் மனுஷங்களோட பழகவே விடாம வளர்ந்த குட்டிங்க காட்டு மிருகம் மாதிரிதான் நடந்துகிச்சு. ஆய்வெல்லாம் எதுக்கு, துவாஸ், லிம் சூ காங் பக்கம் புதர்ல பொறந்த சிங்கப்பூர் ஸ்பெஷல் (நம்ம ஊரு கலப்பின நாய்) குட்டிங்களையே பாருங்க. 4, 5 வாரத்துல கைக்கு வந்தது சீக்கிரமே மடியில ஏறிடும், அதே தாயோட குட்டி மூணு மாசம் கழிச்சுப் பிடிபட்டா சுவர் ஓரமா ஒட்டிக்கிட்டு நம்ம கண்ணைக்கூடப் பாக்காது.

அதனால இந்தப் பழகுற வாரங்கள்ல பாதி வேலை புது ஓனரோடது இல்ல, குட்டிங்களை வச்சிருக்கிறவங்களோடது. அதைச் செய்யாம "எட்டு வாரம் ஆச்சு, தூக்கிட்டுப் போங்க"ன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம்தான்.

என்ன செய்யணும்னா, பெருசா ஒண்ணும் இல்ல, வீட்டு நடுவுலயே வளக்கணும். பின்கட்டுல கூண்டுக்குள்ள வச்சா மிக்ஸி சத்தம், குக்கர் விசில், வாக்குவம், கதவு படார்னு சாத்துறது எதுவுமே பழகாது, இங்க பெரும்பாலான குட்டிங்க போகப்போறது வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்குத்தானே. லிஃப்ட் 'டிங்', காரிடார்ல ஸ்கூட்டர் ஓட்டுற பிள்ளைங்க, பழைய சாமான் வாங்க வர்ற காராங்குனி அங்கிளோட ஹார்ன், புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல நடக்கிற கல்யாணத்துல கொம்பாங் மேளம், சீனப் புத்தாண்டுக்கு சிங்க நடன மேளம், தேசிய தின ஒத்திகைக்குப் பறக்கிற ஜெட், இதோட நம்ம ஊரு இடி வேற. எல்லாத்தையும் நேர்ல காட்ட முடியாது, போன்ல மெல்லிசா வச்சு சாப்பாடு போடுறப்போ கேக்க விடுங்க, குட்டி தலையைத் தூக்கிப் பாத்துட்டு திரும்ப சாப்பிட்டா சரி, சாப்பாட்டை விட்டுட்டு ஒதுங்கினா சத்தம் அதிகம்னு அர்த்தம், உடனே குறைக்கணும். பயப்படுற குட்டியை இழுத்துப் பிடிச்சு "பழகட்டும்"னு வச்சிருக்கிறது பழக்கம் இல்ல, அதுக்குப் பயத்தை ஊட்டிவிடுறது.

ஆளுங்களும் அப்படித்தான். தாடி வச்ச அண்ணன், தொப்பி போட்டவர், வாக்கர் தள்ளுற தாத்தா, குடை விரிக்கிறவங்க, ஓடி ஆடுற பிள்ளைங்கன்னு தினுசு தினுசா பாக்கணும். ஃபாஸ்டர் வீட்டுல ரெண்டு பொம்பளைங்க மட்டும் இருந்தா ஆம்பளைக் குரலுக்கே மிரளும், இது ரொம்ப சகஜம்.

அடுத்து தடுப்பூசி விஷயம். "எல்லா ஊசியும் முடியாம வெளிய கொண்டுபோகாதீங்க"ன்னு சொல்றாங்க, பார்வோ பயங்கரமான வைரஸ்தான், மண்ணுல மாசக்கணக்குல உயிரோட கிடக்கும், அதை நான் லேசா சொல்லல. ஆனா ஊசி வரிசை முடியவே 16 வாரம் ஆகும், அதுக்குள்ள மேல சொன்ன காலம் முடிஞ்சே போயிடும். அதனால தரையில விடாம தூக்கிட்டுப் போங்க, துணிப்பையில போட்டுக்கிட்டு புளோக்குக்குக் கீழ உக்காந்து பஸ், லாரி, கோப்பிக்கடைக் கூட்டம் காட்டலாம், எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்குள்ள விட மாட்டாங்க, வெளிய நின்னாலே போதும். ஊசி போட்ட, பெரிய நாய் இருக்கிற நண்பர் வீட்டுக்கும் போகலாம். முதல் ஊசியும் பூச்சி மருந்தும் குடுத்து ஒரு வாரம் ஆனதும் சுத்தமான இடத்துல நடக்கிற குட்டி வகுப்புல சேக்கலாம்னு அமெரிக்காவுல நாய் நடத்தையைப் பாக்கிற டாக்டர்கள் சங்கமே 2008லேருந்து சொல்லுது. உங்க டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

டாய்லெட் பழக்கமும் குட்டி முதல்ல வளர்ற இடத்துலயே ஆரம்பிக்குது, இதை யாருமே நம்ப மாட்டேங்கறாங்க. மூணு வாரத்துக்கு மேல குட்டி தானாவே படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்தான் ஒண்ணுக்குப் போகும், எந்தத் தரையில போய்ப் பழகுதோ அது காலுக்குப் பதிஞ்சிடும். படுக்கை ஒரு மூலை, ட்ரே வேற மூலைன்னு பிரிச்சு வச்சு, புது வீட்டுலயும் அதே ட்ரே, அதே பேட் போடச் சொல்லுங்க. கூண்டுல கம்பித் தரையிலயே வளர்ந்த குட்டிக்கு எங்க தூங்கறது எங்க போறதுன்னு வித்தியாசமே தெரியாம வரும், பாவம்.

எட்டு வாரத்துக்கு முன்னாடி குடுக்கவே குடுக்காதீங்க, ஆறு வாரத்துல பாக்க கொள்ளை அழகாத்தான் இருக்கும். எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்னு கூடப்பொறந்ததுங்கதான் கத்துக்குடுக்கும், அழுத்திக் கடிச்சா கடிபட்டது கீச்சுன்னு கத்திட்டு விளையாட்டை விட்டுடும். 30, 40 நாள்ல பிரிச்ச நாய்ங்ககிட்ட பயமும் குரைப்பும் சாமானைக் கடிச்சு நாசம் பண்றதும், 60 நாள்ல பிரிச்சதைவிட அதிகமா இருந்துச்சுன்னு 2011ல ஒரு இத்தாலி ஆய்வும் வந்துச்சு. அதுக்காக கூட்டத்துலயே விட்டுடவும் கூடாது, தினம் ஒவ்வொண்ணா தனியா எடுத்து காது, பாதம், வாய் தொட்டுப் பழக்கி, அப்படியே சில நிமிஷம் தனியாவும் விட்டு எடுக்கணும். வேலைக்குப் போற குடும்பத்துல நாள் முழுக்க அது கத்தினா பக்கத்து வீட்டு ஆன்ட்டி சும்மா விடுவாங்களா? ("ரெண்டா எடுத்துக்கிறோம், துணையா இருக்கும்"னு சிலர் கேப்பாங்க, வீவக வீட்டுல ஒரு நாய்தான், அதுவும் அனுமதிச்ச இனமா இருக்கணும், சிங்கப்பூர் ஸ்பெஷல்னா, அதை வீவக வீட்டுல வளக்க விடுற அடோர் திட்டத்துல வரணும்.)

எடுக்கப் போறப்போ தாயைப் பாக்கக் கேளுங்க, குட்டிங்க தினம் எங்க தூங்குது, யார் யார் வந்து போறாங்க, ட்ரே எங்க இருக்குன்னு கேளுங்க. தரையில உக்காந்து சும்மா இருங்க, வாலாட்டிக்கிட்டு மெதுவா வந்து மோந்து பாத்தா நல்லது, கொஞ்ச நேரம் ஆகியும் எல்லாமே மூலையிலயே கிடந்தா யோசிங்க. அப்புறம் அது சாப்பிட்டுக்கிட்டிருக்கிற அதே சாப்பாடு, தாயோட வாசனை இருக்கிற ஒரு துணி ரெண்டையும் கையோட வாங்கிட்டு வாங்க. 8லேருந்து 10 வாரத்துல பல குட்டிங்களுக்கு ஒரு பயக் கட்டம் வரும், முதல் வாரமே சொந்தக்காரங்க பதினஞ்சு பேரைக் கூப்பிட்டு ஆளாளுக்குத் தூக்கி போட்டோ எடுக்காதீங்க. பாட்டி மட்டும் வந்தா, கையில ஒரு துண்டு வேகவச்ச சிக்கனைக் குடுத்து உக்கார வைங்க, அது தானா வரட்டும்.